மானுக்கு விதைத்த டர்னிப்: முதல் வருஷம் கோலிக்குண்டு, இரண்டாம் வருஷம் தேங்காய்

ஜனவரி இரண்டாவது வாரம் மரத்தில் கட்டியிருந்த கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டேன். 1,100 படங்கள். வழக்கமாக அதில் முக்கால்வாசி காற்றில் ஆடும் கிளையாகத்தான் இருக்கும். இந்த முறை மான்கள். ஒன்று முன்னங்காலால் பனியைப் பறிக்கிறது. இன்னொன்று கண் வரைக்கும் தலையைப் பனிக்குள் விட்டிருக்கிறது. மூன்றாவது நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறது, வாயில் பாதி டர்னிப் கிழங்கு. இந்த ஒரு படத்துக்காக இரண்டு வருஷம், இரண்டு பருவம், கணக்குப் பார்க்க மனசு வராத அளவுக்கு பெட்ரோல்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மிச்சிகன்காரர்கள் ஊரைச் சொல்ல வரைபடம் தேட மாட்டார்கள், உள்ளங்கையை நீட்டுவார்கள். மாநிலத்தின் தென்பாதி கையுறை வடிவத்தில் இருப்பதால் கையே வரைபடம். எங்கள் நிலம் உள்ளங்கை நடுவுக்குக் கொஞ்சம் மேலே, கிளாட்வின் கவுண்டியில். ஏழு ஏக்கர், பெரும்பாலும் ஓக், ஆஸ்பென் மரங்கள், நடுவே ஒரு வெட்டவெளி. டெட்ராய்ட் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம். அதனால் நான் வார இறுதி விவசாயி. கீழே வருகிற தவறுகளில் பாதிக்கு அதுதான் காரணம்.

நான் வேட்டையாடுவதில்லை. பக்கத்து நிலத்துப் பெரியவர் ஆடுவார். எழுபதைத் தாண்டியவர், ஐம்பது வருஷமாக அதே காட்டில் வெள்ளைவால் மான் பார்க்கிறவர். எங்கள் நிலத்தில் அவர் உட்கார்ந்து வேட்டையாடலாம், பதிலுக்கு அவருடைய நாலு சக்கர வண்டியையும் உருளையையும் எனக்குத் தருவார் என்று பேச்சு. மானுக்கென்றே பயிர் வைப்பதை இங்கே ஃபுட் பிளாட் என்கிறார்கள். அந்த யோசனையைக் கொடுத்ததும் அவர்தான்.

அப்பாவிடம் வீடியோ காலில் சொன்னேன். செங்கம் பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் கடலை. காட்டுப்பன்றிக்கும் மயிலுக்கும் பயந்து ராத்திரியெல்லாம் டார்ச் அடிக்கிறவர்.

“இங்க வராம இருக்க வேலி போடுறோம். நீ அங்க வரச்சொல்லி உரம் போடுறியா?”

“ஆமாப்பா.”

“படிச்சிட்டுத்தான போன?”

இனி முதல் வருஷம்.

கடையில் ஊதாத் தலை டர்னிப் விதை ஐந்து பவுண்டு மூட்டை 18 டாலர். மேல்பாதி ஊதா, கீழ்பாதி வெள்ளை, மான் பயிருக்கு எல்லோரும் வாங்குவது இதுதான். பையின் பின்னால் ஒரு ஏக்கருக்கு என்று போட்டிருந்தது. என் வெட்டவெளி எப்படியும் அரை ஏக்கர் இருக்கும் என்று கண்ணாலேயே அளந்தேன். விதை சின்னது, கொஞ்சம் வீணாகும், தாராளமாகவே போடலாம் என்று முழு மூட்டையையும் தூவினேன். அடுத்த வருஷம் நாடா பிடித்து அளந்தபோது 60 அடிக்கு 180 அடி. 10,800 சதுர அடி. நம் கணக்கில் 25 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு, அதாவது கால் ஏக்கர். டர்னிப் விதை ஒரு பவுண்டில் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கும். ஐந்து பவுண்டு என்றால் பத்து லட்சத்துக்கும் மேல். சதுர அடிக்கு ஏறக்குறைய நூறு விதை போட்டிருக்கிறேன். வேண்டியது இருபது.

இன்னொரு தவறு ஆழம். வாடகை டில்லர் ஓட்டி மண்ணைப் புட்டு மாதிரி ஆக்கிவிட்டேன். பார்க்கவே ஆசையாக இருந்தது. அதன் மேல் விதையைத் தூவி, பழைய கம்பி வேலித் துண்டை வண்டியில் கட்டி இழுத்தேன். விதை கடுகு அளவுதான், கால் அங்குலத்துக்கு மேல் மண் மூடக் கூடாது. என் புட்டு மண்ணில் அது ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று இறங்கிவிட்டது. சக்கரம் ஏறி இறுகிய இரண்டு தடத்தில் மட்டும் ஆறாம் நாளே பச்சைக் கோடு. மற்ற இடமெல்லாம் திட்டுத் திட்டாக. அந்தச் சக்கரத் தடம் எனக்கு அன்றைக்கே பாடம் சொல்லியிருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. “விதை சரியில்லை” என்று மூட்டையைத் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மண் பரிசோதனை செய்யவில்லை. சுண்ணாம்பு போடவில்லை. உரம் என்று வீட்டுப் புல்வெளிக்கு வாங்கியதில் மீந்த அரை மூட்டை.

செப்டம்பர் கடைசியில் முளைத்த இடமெல்லாம் தலைமுடி மாதிரி நெருக்கம். இலை மஞ்சள், உயரம் ஒரு சாண்கூட இல்லை. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு கோலிக்குண்டு அளவு, சில இடத்தில் வெறும் சிவந்த வேர். அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். “முள்ளங்கிப் பாத்திய கலைக்கிற மாதிரி கலைச்சு விடுடா” என்றார். ஒரு சனிக்கிழமை முழுக்க முழங்கால் போட்டுக் கலைத்தேன். கால் ஏக்கரைக் கையால் கலைக்க முடியாது என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. ஆனாலும் இரண்டு தள்ளுவண்டி நிறையக் கிழங்கும் தழையும் சேர்ந்தன. வீணாக்குவானேன் என்று கேமராவுக்கு எதிரில் அழகாகக் குவித்து வைத்தேன். மான் தேடாமல் வரும், படமும் நன்றாக விழும்.

மறுநாள் காலை பெரியவர் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. இதை இப்போதே அப்புறப்படுத்து என்றார். மிச்சிகனின் தென்பாதியில் 2019 ஜனவரி 31 முதல் மானுக்கு இரை போடத் தடை. 2015இல் இங்கே காட்டு மான்களிடம் முதன்முதலாக ஒரு மூளை நோய் கண்டுபிடிக்கப்பட்டது, மானை உருக்கிக் கொன்றுவிடும், மருந்து கிடையாது. ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் எச்சில் வழியாகப் பரவும் என்று அந்தத் தடை. நிலத்தில் விளைந்து நிற்கும் பயிரை மான் வந்து மேய்ந்தால் அது பயிர். அதே பயிரைப் பிடுங்கி நான் குவித்து வைத்தால் அது இரை. கிழங்கு ஒன்றுதான், சட்டத்துக்கு அது கிடக்கிற இடம்தான் கணக்கு. அந்தக் குவியலைத் தள்ளுவண்டியில் ஏற்றி, காரில் ஏற்றி, இரண்டரை மணி நேரம் வீட்டுக்குக் கொண்டுவந்து தோட்டத்து உரத்தொட்டியில் போட்டேன். அம்மா டர்னிப்பையும் நூக்கல் என்றுதான் சொல்வார். அந்த நினைப்பில் ஒரு கை கிழங்கை எடுத்துச் சாம்பாரில் போட்டுப் பார்த்தோம். கசப்பு.

அந்தக் குளிர்காலம் மான் வந்ததா? தெரியாது. அதுதான் முதல் வருஷத்தின் பெரிய குறை. இலை குட்டையாக இருந்தது, ஆனால் அது மேய்ந்து குட்டையானதா, வளராமல் குட்டையானதா என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. பயிர் தோற்றதா, மானுக்குப் பிடிக்கவில்லையா? பெரியவர் தன் கொட்டகையைக் காட்டினார். ஒரு மூலையில் கம்பி வலையாலான உருளைக் கூண்டுகள் நாலு. “அடுத்த வருஷம் விதையைவிட முதலில் இதை வாங்கு” என்றார்.

இரண்டாம் வருஷம் நவம்பரிலேயே ஆரம்பித்தது. மண்ணைப் பன்னிரண்டு இடத்தில் ஆறு அங்குல ஆழம் தோண்டி, ஒரு வாளியில் கலந்து, ஒரு கிண்ணம் எடுத்து மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பரிசோதனைக்கு அனுப்பினேன். 25 டாலர் ஆயிற்று. பிஎச் 5.4 என்று வந்தது, அதாவது மண்ணில் அமிலம் அதிகம். டர்னிப்புக்கு 6க்கு மேல் இருந்தால் நல்லது. ஏக்கருக்கு இரண்டு டன் சுண்ணாம்பு என்றார்கள். எனக்குக் கால் ஏக்கர், ஆக 1,000 பவுண்டு. 40 பவுண்டு மூட்டையில் 25 மூட்டை.

காகிதத்தில் 25 மூட்டை ஒன்றும் பெரிதில்லை. என் கார் பத்துக்கு மேல் தாங்கவில்லை. மூன்று நடை. மூட்டை ஆறு டாலர், மொத்தம் 150. தூளாக இருக்கும் சுண்ணாம்பு இதைவிட மலிவு, ஆனால் கைத் தூவானில் அடைத்துக்கொள்ளும், காற்றடித்தால் பாதி நம் மூக்கில். குருணையாக உருட்டியதை வாங்கினேன். தோளில் மாட்டிக் கைப்பிடி சுற்றும் தூவான் ஒரு தடவைக்கு 20 பவுண்டுதான் கொள்ளும், ஐம்பது தடவை நிரப்ப வேண்டும். ஏப்ரல் மாதம் ஒரு வார இறுதி முழுக்க அதே வேலை, ஞாயிறு ராத்திரி வலது தோளைத் தூக்க முடியவில்லை. ஏப்ரலில் போட்டதற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்பு மண்ணில் வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும். விதைக்கிற அன்றைக்குப் போட்டால் அந்தப் பயிருக்குப் பெரிதாக உதவாது.

ஜூலை 8: களைக்கொல்லி. 41 சதவீத கிளைஃபோசேட், கால் ஏக்கருக்கு 16 அவுன்ஸ், முதுகுத் தெளிப்பானில் இரண்டு டேங்க். காற்றில்லாத காலை, நீளக்கை சட்டை, ரப்பர் கையுறை. இதை எழுதும்போதே நாலு பேர் முகம் சுளிப்பது தெரிகிறது. எனக்கும் மனசில்லைதான். ஆனால் முதல் வருஷம் தெளிக்காமல் உழுது, புல் வேரைத் துண்டு துண்டாக நறுக்கி, நிலம் முழுக்கப் புல்லை நானே நட்டுவைத்தேன்.

ஜூலை 21: எல்லாம் பழுத்துச் சாய்ந்ததும் டில்லர். ஒரு நாள் வாடகை 85 டாலர். இந்த முறை மூன்று அங்குல ஆழத்துக்கு மேல் விடவில்லை. உழுததோடு 19-19-19 கலப்பு உரம் 50 பவுண்டு மூட்டை இரண்டு, ஒன்று 28 டாலர்.

அப்புறம் உருளை. பெரியவருடைய புல்வெளி உருளையில் தண்ணீர் நிரப்பினால் 100 கிலோவைத் தாண்டும். விதைக்கு முன்னால் ஒரு முறை, விதைத்த பின்னால் ஒரு முறை. முதல் உருட்டு முடிந்ததும் பெரியவர் நிலத்தில் நடந்து காட்டினார். செருப்புத் தடம் லேசாகப் பதிந்தால் போதும், கால் புதைந்தால் இன்னும் உருட்டு. என் தடம் முதலில் குதிகால் மூடப் புதைந்தது. மூன்று முறை உருட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். போன வருஷச் சக்கரத் தடத்தை நிலம் முழுக்கப் போடுவதுதான் இந்த வேலை என்று அப்போதுதான் உறைத்தது.

ஜூலை 30, மறுநாள் மழை என்று சொல்லியிருந்தார்கள். இங்கே செப்டம்பர் கடைசியில் உறைபனி வந்துவிடும், கிழங்கு பருக்க அறுபது நாளாவது வேண்டும். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தைத் தாண்டினால் வெறும் தழைதான்.

ஒரு பவுண்டு விதை, 7 டாலர். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தால் பயமாக இருந்தது. இரண்டு கை கொள்ளும் விதையை 10,800 சதுர அடிக்கு எப்படிப் பரப்புவது? தூவானின் வாயை எவ்வளவு குறைத்தாலும் பாதி நிலத்துக்குள் தீர்ந்துவிடும். அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“எள்ளு எப்படிடா விதைப்போம்?”

“மணல் கலந்து.”

“அப்புறம் என்ன என்னைக் கேக்குற?”

காய்ந்த மணல் எட்டு பவுண்டு, விதை ஒரு பவுண்டு, வாளியில் போட்டுக் கையால் பிசிறினேன். அதை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை நீளவாக்கில், இன்னொன்றைக் குறுக்குவாக்கில். தூவான்கூட வேண்டாமென்று கையாலேயே வீசினேன். வெளிறிய மணல் கறுத்த மண்ணில் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தது பாருங்கள், அது நான் எதிர்பார்க்காத லாபம். கடைசி உருட்டோடு கிளம்பினேன். அன்று இரவு வீட்டில் படுத்துக்கொண்டு கிளாட்வின் மழையை ரேடாரில் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் முளைப்பு. பெரியவர் படம் அனுப்பினார், நிலம் முழுக்கப் பச்சைப் புள்ளி. பத்தாம் நாள் நான் போனபோது இளம் இலையில் குண்டூசியால் குத்தியது போல ஓட்டைகள். கிட்டே குனிந்தால் மிளகில் கால்வாசி அளவுக் கறுப்பு வண்டு, விரல் நீட்டினால் தெள்ளுப்பூச்சி மாதிரித் துள்ளி மறைகிறது. மருந்தடிக்கலாமா என்று யோசித்தேன். இன்னும் இரண்டு இலை விட்டால் தாண்டிவிடும் என்றார் பெரியவர். ஓரத்தில் ஒரு திட்டு போயிற்று, மற்றது தாண்டியது. வானம் காய்ந்திருந்தால் தாண்டியிருக்காது என்பதையும் அவரே சொன்னார்.

ஆகஸ்ட் 27: யூரியா 25 பவுண்டு. இலையில் பனி ஈரம் இருக்கும்போது தூவினால் ஒட்டிக்கொண்டு கருக்கும், அதனால் மத்தியானம் காய்ந்த பிறகு, மழைக்கு முன்னால். அவசரத்தில் ஒரு வரிசையில் இரண்டு முறை நடந்துவிட்டேன் போல. இரண்டு வாரம் கழித்து நிலத்தின் குறுக்கே ஒரு கரும்பச்சைப் பட்டை. அந்தப் பட்டையை முதலில் மேய்ந்தது மான், அது வேறு கதை.

இனி கூண்டு. யூரியா போட்ட அதே நாள் வைத்தேன். ஐந்தடி உயரக் கம்பி வலை, 50 அடிச் சுருள், 48 டாலர். அதில் பன்னிரண்டரை அடி வெட்டி இரண்டு முனையையும் முறுக்கினால் நாலடி விட்டத்துக்கு ஒரு வட்டம். நிலத்தின் நடுவில் நிறுத்தி இரண்டு இரும்புக் கம்பி அடித்துக் கட்டினேன். உள்ளே மானின் வாய் போகாது. அதே விதை, அதே உரம், அதே மழை. வெளியே இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல். சுருளில் இன்னும் மூன்று கூண்டுக்குக் கம்பி மீதி இருந்தது, நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

செப்டம்பர் முழுக்கக் கேமராவில் மான் நடக்கிறது, நிற்கிறது, போகிறது. ஒரு படத்தில்கூடத் தலை குனியவில்லை. அக்டோபர் 5 வரையிலான படங்களைப் பார்த்துவிட்டு, டர்னிப் பழகாத மான் முதல் வருஷம் தொடாது என்று சொல்வார்களே, அதுதான் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஓக் மரத்தடியில் கொட்டைகள் வேறு கொட்டிக் கிடந்தன, அதை விட்டுவிட்டு எந்த மான் தழை தின்னும்?

அந்தச் சனிக்கிழமை கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் தெரிந்தது. கூண்டுக்குள் இலை கம்பியை முட்டிக்கொண்டு நிற்கிறது, அளந்தேன், 16 அங்குலம். வெளியே 10. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. குனிந்தால் ஒவ்வொரு இலையிலும் நுனி இல்லை, கத்தரித்தது போலில்லாமல் பிய்த்த மாதிரி முனை. மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழ்ப்பல்லால் அழுத்திப் பிய்த்துத்தான் தின்னும். வாரக்கணக்கில் என் பயிரை மேய்ந்திருக்கிறது. நான் கேமராவை ஒற்றையடிப்பாதை சேரும் மூலையைப் பார்த்துக் கட்டியிருந்தேன், அவை மேய்ந்ததோ எதிர் ஓரத்தில், அந்த யூரியாப் பட்டையில். அந்த 48 டாலர் கம்பி இல்லையென்றால் அக்டோபரிலேயே ‘தோல்வி’ என்று எழுதி மூடியிருப்பேன்.

நவம்பர் 15 துப்பாக்கி வேட்டை சீசன் தொடங்கியதும் பகலில் ஒரு மான்கூட இல்லை, எல்லாம் ராத்திரி. அந்த மாதக் கடைசியில் நல்ல உறைபனி விழுந்து இலைகள் தொங்கின. உறைபனிக்குப் பிறகு தழையில் இனிப்பு ஏறும் என்பார்கள். நானும் ஒரு துண்டு மென்று பார்த்தேன். செப்டம்பரில் மூக்கில் ஏறிய காரம் குறைந்திருந்தது. மான் கருத்தும் அதேதான் போல, இரண்டே வாரத்தில் இலை முழுக்கக் காலி. நிலத்தில் ஊதாத் தலைகள் மட்டும் பாதி வெளியே தெரிந்தன.

கிழங்கு இந்த முறை கிழங்காக இருந்தது. கூண்டுக்குள் எண்ணினேன், 31. சின்னது எலுமிச்சை, பெரும்பாலானவை கிரிக்கெட் பந்து, ஏழெட்டு உரித்த தேங்காய். ஆகப் பெரியது நாலரை அங்குலக் குறுக்களவு, சமையல் தராசில் 700 கிராம் சொச்சம்.

டிசம்பர் நடுவில் ஆறு அங்குலப் பனி. அதன் பிறகு போனபோது நிலம் முழுக்கக் குழி குழியாக, பன்றி கிளறியது போல. சில இடத்தில் கிழங்கையே பிடுங்கித் தின்றிருந்தது. பல இடத்தில் கிழங்கு மண்ணில் இறுகி உறைந்து நின்றதால் நின்ற இடத்திலேயே குடைந்திருந்தது. மண்டியிட்டு ஒன்றைப் பார்த்தேன். மேல்பாதி இல்லை, உள்ளே குழிந்த கிண்ணம், கிண்ணத்தின் சுவரில் மேலிருந்து கீழாக மெல்லிய பல் வரி, வரிக்கு வரி நெருக்கம். தேங்காய் மூடியைத் துருவலில் வைத்துத் துருவி, ஓட்டோடு கொஞ்சம் விட்டு வைத்தால் எப்படி இருக்கும், அப்படியே. விளிம்பில் உறைந்த எச்சில். அதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். “சுத்தமா துருவியிருக்கு” என்று பதில் வந்தது. வேலிக்காரரிடமிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

வருஷக் கடைசியில் பெண் மானுக்கான சீசனில் பெரியவர் ஒன்றை எடுத்தார். எங்களுக்கு ஒரு தொடைப் பங்கு வந்தது. என் மனைவி அதை மிளகு வறுவலாக்கினாள். அன்றைக்கு நான் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொண்டேன். கேமராவில் முகம் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

செலவு, இரண்டாம் வருஷத்துக்கு மட்டும்: மண் பரிசோதனை 25, சுண்ணாம்பு 150, கலப்பு உரம் 56, யூரியா 32 (பாதி மூட்டை மீதி இருக்கிறது), களைக்கொல்லி 22, கம்பி 48, விதை 7, டில்லர் 85. ஆக 425 டாலர். இதில் விதை ஏழே டாலர். முதல் வருஷம் நான் விதைக்கு 18 கொடுத்துவிட்டு, சுண்ணாம்புக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பெட்ரோலை எழுதவில்லை, இந்தப் பதிவை வீட்டிலும் படிப்பார்கள்.

அடுத்த பருவத்துக்கு மாற்றப் போவது. முதலில், அதே நிலத்தில் மூன்றாம் முறை டர்னிப் கிடையாது. முட்டைக்கோஸ் குடும்பப் பயிரைத் தொடர்ந்து வைத்தால் வேர் வீங்கி முண்டு முண்டாகும் நோய் மண்ணில் தங்கிவிடும், வந்தால் பல வருஷத்துக்குப் போகாது. எனவே இந்த ஜூலையில் ஓட்ஸ், கூடவே குளோவர் என்கிற தீவனப் பயிர். ஓட்ஸ் உறைபனியில் செத்துவிடும், ஆனால் செப்டம்பர், அக்டோபரில் மானை இழுக்கும் என்கிறார் பெரியவர். குளோவர் அடுத்த வசந்தத்தில் எழும். டர்னிப் வேண்டுமென்றால் வேலி ஓரத்தில் புதிதாகப் பத்து சென்ட் திறக்க வேண்டும், அதற்கும் மண் பரிசோதனை, அதற்கும் சுண்ணாம்பு. தோள் இப்போதே வலிக்கிறது. கூண்டு ஒன்று போதாது, இரண்டு. ஒன்று நடுவில், ஒன்று காட்டை ஒட்டி. மேய்ச்சல் ஓரத்துக்கும் நடுவுக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கால் தடம் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கேமராவைக் கூண்டைப் பார்த்துக் கட்டுவேன், பாதையைப் பார்த்து அல்ல. யூரியா தூவும்போது வரிசைக்கு வரிசை குச்சி நடுவேன். அல்லது நடாமல், அந்தப் பட்டையை வேண்டுமென்றே கேமராவுக்கு எதிரில் போடலாமா என்றும் யோசனை ஓடுகிறது.

போன வாரம் பனி முழுக்கக் கரைந்ததும் கூண்டைப் பிடுங்கப் போனேன். காரைவிட்டு இறங்கும்போதே நாற்றம். வெளியே மான் விட்டுவைத்தது கொஞ்சம்தான். கூண்டுக்குள் மான் தொடாத 31 கிழங்கும் குளிர் முழுக்க உறைந்து, இளகி, உறைந்து, கடைசியில் தோல் மட்டும் உருண்டையாக இருக்க உள்ளே கூழாக நின்றன. தெரியாமல் ஒன்றை மிதித்துவிட்டேன். அழுகிய முட்டைக்கோஸும் சாக்கடையும் சேர்ந்த வாடை. பூட்ஸை வெளியே கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி டிக்கியில் வைத்தும், இரண்டரை மணி நேரமும் நாலு கண்ணாடியையும் இறக்கிக்கொண்டுதான் வந்தேன். ஏப்ரல் மிச்சிகன், வெளியே மூன்று டிகிரி. கம்பிச் சுருள் இப்போது கராஜுக்கு வெளியே நிற்கிறது. ஓட்ஸ் மூட்டைக்கு மட்டும் உள்ளே இடம் கிடைத்திருக்கிறது.